முயல் வேட்டைக்கு நல்ல நேரம் எது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைச் சுத்தித்தான். முயல் வேட்டைக்கு நல்ல நேரம் எது? விடியக்காலையா, பட்டப்பகலா, ராத்திரியா?

முதல்லயே சொல்லிடறேன், இது வழிகாட்டி எபிசோட் கிடையாது. இந்தியாவில காட்டு முயலை வேட்டையாடறது குற்றம். காலைல ஆறு மணிக்கும் குற்றம்தான், ராத்திரி பன்னெண்டு மணிக்கும் குற்றம்தான். ஆனா நம்ம ஆட்கள் இந்தக் கேள்வியை ரொம்ப நூற்றாண்டா கேட்டுக்கிட்டு வந்திருக்காங்க. பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. ஏன் மாறுச்சுன்னு தேடிப் போனா, யாருக்கு வேட்டையாட உரிமை இருந்துச்சு, யாருக்கு இல்லைங்கிற கதை வெளியே வருது. எனக்கு அந்தக் கதைதான் முக்கியம்.

முதல்ல முயல்

தென்காசிப் பக்கம் வரப்புல, பனங்காட்டுல ஓடறது பிடரி கறுத்த காட்டு முயல். கூண்டுல வச்சு விக்கிற வெள்ளை முயல் வேற இனம். அதோட பூர்வீகம் ஐரோப்பா, அது வளை தோண்டும். நம்ம முயல் தோண்டாது. பகல் முழுக்கப் புல்லுக்குள்ள, புதரடியில, தன் உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளத்துல அசையாம படுத்திருக்கும். பொழுது சாஞ்சா மேய வரும். ராத்திரி மேஞ்சிட்டு விடியறப்போ திரும்பிடும்.

கண் ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்கறதால அதுக்குக் கிட்டத்தட்ட சுத்துவட்டாரம் முழுக்கத் தெரியும். நாம ரொம்பக் கிட்ட போற வரைக்கும் அசையாது. அப்புறம் ஒரே பாய்ச்சல்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. பகல்ல அது ஒரே இடத்துல இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி வெளிய நடமாடுது, ஆனா நமக்கு இருட்டு. விடியலும் அந்தியும் ரெண்டுக்கும் நடுவுல. அதனால "எந்த நேரம்?"னு கேட்டா, "கையில என்ன இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்கணும்.

பகல்: வலையும் நாயும்

இந்தக் கேள்விக்கு ரொம்பப் பழைய பதில் ஒண்ணு பத்துப்பாட்டுல இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடின பெரும்பாணாற்றுப்படை. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், அதாவது களம் நம்ம தென்காசி இல்ல, வடக்கே தொண்டை நாடு. அதுல வறண்ட காட்டுல வாழற எயினர்களோட வேட்டை நேர வாரியா வருது.

நடுராத்திரி, தண்ணி தேடி வர்ற காட்டுப்பன்னிக்காகக் குழி வெட்டி ஒளிஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. பாட்டு அதுக்கு "அரைநாள்"னு ஒரு சொல் வச்சிருக்கு. ஆபீஸ்ல போடற அரைநாள் லீவ் இல்ல மக்களே, பாதி ராத்திரி. அந்த வேட்டை வாய்க்கலைன்னா, மறுநாள் பகல்ல முயல். நாய்களோட புதரை அடிச்சுக் கலைச்சு, வேலி மாதிரி வலையைத் தொடுத்துக் கட்டி, தப்பிக்க வழியில்லாம வளைச்சுப் பிடிச்சு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவாங்க.

இதோட லாஜிக் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. முயல் பகல்ல படுத்திருக்கும், கண்ணால தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால தேடற வேலையே வேண்டாம், புதரைக் கலைச்சா அதுவா எழுந்து வலைக்கு ஓடி வரும். இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. அங்க முயல் ரெண்டாவது சாய்ஸ். பன்னி கிடைக்காத வீட்டுக்கு அன்னைக்கு அதுதான் சாப்பாடு.

நம்ம ஊருக்கு வந்தா, வலையைப் பத்திப் பேச குற்றாலக் குறவஞ்சி இருக்கு. பதினெட்டாம் நூற்றாண்டுல, தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துல வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் எழுதினது. அதுல சிங்கனும் நூவனும் பிடிக்க வர்றது முயல் இல்ல, வயல்ல மேயற பறவைகள். ஆனா கருவி அதே வகைதான்: வலை, கண்ணி. குற்றாலநாதரோட ஊர்ல, கோயிலுக்கான இலக்கியத்துல, வலை போடறவரும் ஒரு கதாபாத்திரமா மேடை ஏறறார். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி இந்த வலை சட்டப் புத்தகத்துக்குள்ள வரும்.

விடியல்: ஓடற நாய்

தென்காசி மாவட்டம் நிலத்தால ரெண்டு மாவட்டம் மாதிரி. மேற்கே மலை, அருவி, நெல் வயல். கிழக்கேயும் வடகிழக்கேயும் சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கம் போனா மானாவாரி, கரிசல், திறந்த வெளி. அந்த எல்லையைத் தாண்டினா விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை. ஆமா, நாய்க்குப் பேர் கொடுத்த ஊர்தான். சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் ஒல்லியான உடம்பு, நீளக் கால், மோப்பத்தை விடக் கண்ணை நம்பித் துரத்தற நாய்கள். திறந்த வெளியில முயலோட போட்டி போட்டு ஓடறதுக்குன்னே வளர்த்தது.

கண்ணை நம்பற நாய்க்கு வெளிச்சம் வேணும். ஆனா நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். வெயில் ஏறினா முழு வேகத்துல ஓட முடியாது. அதனால வெளிச்சம் வந்து சூடு வராத அந்தக் கொஞ்ச நேரம், விடியல், இந்த வேட்டைக்குத் தோதா அமைஞ்சது.

பாளையக்காரர் காலத்துல நல்ல நாய் ஒரு கௌரவம். முயல் அவங்க அரசியல் கதைக்குள்ளயும் வருது. கட்டபொம்மனோட முன்னோர் வேட்டைக்குப் போனப்போ, ஒரு இடத்துல முயல் திரும்பி நின்னு நாய்களையே விரட்டுச்சாம். மண்ணுக்கே வீரம் இருக்குன்னு அங்க கோட்டை கட்டினாங்க, அதுதான் பாஞ்சாலங்குறிச்சிங்கிறது வழிவழியா வர்ற கதை. இதே கதையை விஜயநகரம் உருவானதுக்கும் சொல்றாங்க. விஜயநகரப் பேரரசோட வழியில வந்த நாயக்கர் ஆட்சியில உருவானதுதான் பாளையங்கள், அதனால கதையும் கூடவே வந்திருக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

இதுல ஒரு முரண் இருக்கு. திருக்குறள் 772, படைச்செருக்கு அதிகாரம். காட்டு முயலைக் குறி தவறாம அடிச்ச அம்பை விட, யானை மேல எறிஞ்சு தவறின வேல் மேல்னு சொல்லுது. வீரனுக்கு முயல் ஒரு பொருட்டே இல்ல. ஆனா கோட்டைக்குப் பெருமை சேர்க்க அதே முயல் வேணும்! பசிக்கு அடிச்சா முயல் சின்னது, ராஜா துரத்தினா முயல் பெருசு. தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு சும்மாவா சொன்னாங்க.

சட்டம் நேரம் குறிச்சப்போ

1799ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்கில போட்டாங்க. 1801ல பாளையக்காரர் போர் முடிஞ்சதும் கோட்டைகளை இடிச்சு, ஆயுதங்களைப் பறிச்சாங்க. அதுக்கப்புறம் துப்பாக்கி யார் கையில இருக்கலாம்னு கம்பெனி முடிவு பண்ணுச்சு. 1882 சென்னை வனச் சட்டம், காப்புக் காடுகள்ல வேட்டையையும் பொறி, கண்ணி வைக்கிறதையும் அரசு விதிகளுக்குள்ள கொண்டு வந்துச்சு.

அப்புறம் சுதந்திர இந்தியாவோட 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நிறைய பேர் அந்த வருஷமே வேட்டை மொத்தமா நின்னுடுச்சுன்னு நினைக்கிறாங்க. இல்ல. முயல் நாலாவது அட்டவணையில இருந்துச்சு, உரிமம் வாங்கினா சுடலாம். ஆனா அதே சட்டத்தோட 17ஆவது பிரிவு எப்படி வேட்டையாடக் கூடாதுன்னு ஒரு பட்டியல் போட்டுச்சு: சில விதிவிலக்கு தவிர, சூரியன் மறைஞ்சதுல இருந்து உதிக்கிற வரைக்கும் கூடாது. செயற்கை விளக்கு கூடாது. வலை, குழி, கண்ணி, பொறி கூடாது.

அதாவது "நல்ல நேரம் எது?"ங்கிற கேள்விக்கு அரசாங்கமே பதில் எழுதுச்சு: பகல், கையில உரிமமும் துப்பாக்கியும்.

முயலோட பக்கம் நின்னு பார்த்தா இந்தப் பட்டியல் நியாயம்தான். ராத்திரி விளக்கு அடிச்சுச் சுடறதும், கண்ணி வச்சுட்டுப் போறதும் கணக்கு வழக்கில்லாமக் கொல்லும். ஆனா பெரும்பாணாற்றுப்படையைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. குழி, வலை, நடுராத்திரி. அந்த எயினரோட கருவியும் நேரமும் கிட்டத்தட்ட வரிசையா அந்தப் பட்டியல்ல இருக்கு. துரைமாரோட பழக்கம் மட்டும் உரிமத்தோட தப்பிச்சுச்சு. சுட்டவங்க புத்தகம் எழுதினாங்க, வலை போட்டவங்க பேர்ல வழக்கு எழுதினாங்க.

இது 1991 வரைக்கும். அந்த வருஷத் திருத்தம் உரிமம் குடுக்கிற பிரிவுகளையும் 17ஆவது பிரிவையும் எடுத்துட்டு, நாலு அட்டவணை விலங்குகளுக்கும் வேட்டையை மொத்தமா தடை பண்ணுச்சு. அன்னைக்குத்தான் காகிதத்துலயாவது துப்பாக்கிக்காரரும் வலைக்காரரும் ஒரே வரிசையில நின்னாங்க.

ராத்திரி: டார்ச்

இப்போ முயல் அடிக்கிறவங்களோட நேரம் ராத்திரி. காரணம் தலையில மாட்டற எல்இடி விளக்கு. வெளிச்சம் பட்டா முயலோட கண் மின்னும், சில நொடி அப்படியே நிக்கும். ரெண்டாயிரம் வருஷமா அதுக்குப் பாதுகாப்பா இருந்தது இருட்டு. அது கடையில விக்கிற ஒரு விளக்குல போயிடுச்சு.

பழைய முறைகள்ல எல்லாம் ஒரு பிரேக் இருந்துச்சு. வலைக்கு ஊர் ஆள் சேரணும். நாய்க்கு வெயில் ஏறினா ஆட்டம் முடிஞ்சுது. டார்ச்சுக்கு மூச்சு வாங்காது. அதனால நான் தடையோட பக்கம்தான். சிவராத்திரிக்கும் பொங்கலுக்கும் மதுரை, சிவகங்கைப் பக்கம் வேட்டை வழக்கமா இருந்ததுன்னு சொல்றவங்ககிட்டயும் இதைத்தான் சொல்லுவேன்: வழக்கம் பழசு, விளக்கு புதுசு. 2015ல நெல்லை வனவிலங்கு சரணாலயம் வந்து, குற்றாலம் பக்கத்து மலைக்காடுகளுக்குப் பாதுகாப்பு கூடுச்சு. ஆனா முயல் அதிகம் திரியறது கிழக்கே, திறந்த வெளியில, பட்டா நிலத்துல. அங்க வேலி கிடையாது.

முயலைப் பார்க்க நல்ல நேரம் கேட்டா, தாராளமா சொல்றேன். அந்தி. குற்றாலத்துல மலை மேற்கே இருக்கறதால வெயில் சீக்கிரமே மறைஞ்சிடும், சங்கரன்கோவில் பக்கம் கொஞ்சம் பொறுமையா இருக்கணும். விளக்கை அணைச்சுட்டு நில்லுங்க.

உங்க வீட்டுத் தாத்தா, ஆச்சிகிட்ட முயல் வேட்டைக் கதை இருந்தா குரல் பதிவா அனுப்புங்க. மூணே கேள்வி கேளுங்க: எப்போ போனாங்க, கையில என்ன இருந்துச்சு, பிடிச்சதை யார் சாப்பிட்டாங்க? அடுத்த வாரம் பார்ப்போம்.