இந்தூர் எருக்குழி தந்த பாடம்

காட்டிலே எவரும் உழுவதில்லை, எருவிடுவதும் இல்லை. ஆயினும் மரங்கள் ஆண்டுதோறும் தழைத்துக் கொண்டே இருக்கின்றன. வயலில் எருவிடாமல் தொடர்ந்து சில போகம் பயிர் செய்து பாருங்கள், விளைச்சல் குன்றிவிடும். இரண்டும் மண்தானே? பிறகு ஏன் இந்த வேறுபாடு?

காட்டில் விழுந்த சருகு அங்கேயே மட்கி மண்ணோடு சேர்கிறது. வயலிலிருந்தோ தானியமும் வைக்கோலும் வெளியே போய்விடுகின்றன. போனதைத் திருப்பித் தருவது எப்படி என்பதே உழவுத் தொழிலின் மிகப் பழைய கேள்வி. இக்கேள்விக்கு நம் நாட்டு மண்ணிலிருந்தே விடை தேடிய ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியின் வரலாற்றை இங்கே காண்போம்.

மண் ஒரு கிடங்கா?

1840-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பயிர் மண்ணிலிருந்து எடுப்பவை தாதுப் பொருள்களே. அவற்றைக் கணக்கிட்டுத் திருப்பித் தந்தால் போதும் என்ற கருத்து அதன் பின்னர் வேரூன்றியது. மண் ஒரு கிடங்கு. உழவர் கணக்குப் பிள்ளை என்று ஆயிற்று. 1909-இல் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஹேபர் கண்டறிந்தார். 1913-இல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். மூட்டை மூட்டையாகத் தழைச்சத்து கிடைக்கும் காலம் பிறந்தது.

ஹோவர்ட் இக்காலத்தைச் சேர்ந்தவர். 1873-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராயும் பணியில் அமர்ந்தார். நாளெல்லாம் நுண்ணோக்கியின் கீழ்ப் பூசணங்களைப் பார்ப்பதே வேலை. நோய்க்கு மருந்து சொல்லலாம். ஆனால் அந்த மருந்தைத் தாமே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு நிலம் அவருக்கு இல்லை. இக்குறை அவரை உறுத்திக் கொண்டே இருந்தது.

பூசாவில் 75 ஏக்கர்

1905-இல் பீகாரிலுள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் வந்தார். அங்கே அவருக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. சுற்றிலுமுள்ள உழவர்கள் பூச்சிமருந்தும் செயற்கை உரமும் இல்லாமலே நல்ல பயிர் எடுப்பதைக் கண்டார். அவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொள்வது என்று முடிவு செய்தார். பயிரைத் தாக்கும் பூச்சியையும் நோயையுங்கூட ஆசிரியர்களாகவே கருதினார்; பயிர் எங்கே தவறாக வளர்க்கப்படுகிறது என்பதை அவை காட்டிக் கொடுக்கின்றன என்பது அவர் எண்ணம்.

தானியத்தோடு பயறு வகையைக் கலந்து விதைப்பது ஏன்? துவரையின் ஆழமான வேர் அடிமண்ணில் என்ன செய்கிறது? மழைநீர் தேங்கும் நிலத்தில் வேருக்குக் காற்று எப்படிக் கிடைக்கிறது? இவ்வாறு உழவரின் பழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அவர் மனைவி கேப்ரியலும் சிறந்த தாவரவியல் அறிஞர். ஒளிச்சேர்க்கையில் வெப்பநிலையின் பங்கைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தவர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா கோதுமை வகைகள் வடநாட்டில் பெரிதும் பரவின.

ஆனால் உழவர்களிடம் ஒரு பெருங்குறையும் இருந்தது. 1889-இல் இந்தியாவுக்கு வந்து நம் வேளாண்மையை ஆராய்ந்த வோல்க்கர் என்னும் அறிஞர் அதை முன்பே சுட்டியிருந்தார். விறகு கிடைக்காததால் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது. வயலுக்குச் சேர வேண்டிய எரு புகையாகப் போகிறது. கையிலிருக்கும் சிறிதளவு சாணத்தைக் கொண்டு நிறைய எரு தயாரிக்க முடியுமா? இதுவே ஹோவர்டின் முன் நின்ற சிக்கல்.

எருக்குழியின் அறிவியல்

1924-இல் இந்தூரில் புதிய பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கியது. அங்கே யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளருடன் சேர்ந்து இச்சிக்கலுக்கு விடை கண்டார்.

வைக்கோலை அப்படியே மண்ணில் புதைத்தால் என்ன ஆகும்? அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரியும் வேண்டும், தழைச்சத்தும் வேண்டும். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரி இருக்கிறது. நுண்ணுயிரின் உடலிலோ ஒரு பங்குக்கு 10 பங்கு கரிகூட இராது. ஆகவே பற்றாக்குறையான தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து எடுத்துக் கொள்கின்றன. பயிர் வெளிறிப் போகிறது. நுண்ணுயிர்களின் பந்தி முடிந்த பிறகே பயிருக்குச் சாப்பாடு!

அந்தப் பந்தியை வயலுக்கு வெளியே, குழியிலேயே முடித்துவிட்டால்? அதுதான் இந்தூர் முறை. பருத்திமார், களை, சருகு, தாள் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். கடினமான பருத்திமாரைப் பண்ணைச் சாலையில் பரப்புவார்கள். வண்டிச் சக்கரங்கள் அதை நசுக்கிவிடும். பிறகு அது தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாகும். இவற்றை 30 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 அடி ஆழமும் கொண்ட குழியில் அடுக்கி, மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணையும், மர சாம்பலையும், சாணக் கரைசலையும் சேர்ப்பார்கள். தொடக்கத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 33 பங்கு கரி இருக்குமாறு பார்த்துக் கொள்வார்கள்.

குழியின் சூடு 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். காற்றும் ஈரமும் குறையாதபடி மூன்று முறை கிளறிவிட வேண்டும். ஏறத்தாழ 90 நாளில் கறுத்து உதிரும் மட்கு தயார். சாணம் முதன்மைப் பொருளாக இல்லாமல், உறைமோர் போலப் பயன்படுவதைக் கவனியுங்கள். 1931-இல் ஹோவர்டும் வாடும் சேர்ந்து இம்முறையை நூலாக வெளியிட்டனர். தோட்டப் பயிர்களுக்கும், இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் அது பரவியது.

சொன்னதும் நிறுவியதும்

ஓய்வு பெற்ற பின் 1940-இல் ஹோவர்ட் எழுதிய நூல் இன்னும் பெரிய கருத்துகளைக் கூறியது. வளமான மண்ணில் விளைந்த பயிரை நோய் அணுகாது. அதைத் தின்னும் மாட்டையும் அணுகாது என்றார். பூசாவில் தம் எருதுகள் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கு உரசியும் நோயுறவில்லை என்பதைச் சான்றாகக் காட்டினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு தீவனம் தின்ற எருதுகளை அவர் அருகில் வைத்திருக்கவில்லை. ஒப்பீடு இல்லாத சான்று எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் முழுமையான சான்று ஆகாது. மட்கு சில வேர் நோய்களை அடக்குகிறது என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியாயிற்று. ஆனால் துருநோய் ஊட்டமுள்ள கோதுமையையும் தாக்கும். அங்கே விதையின் மரபுக்கூறும் முக்கியம்.

வேர்ப்பூசணத்தைப் பற்றி அவர் கொண்ட எண்ணமும் இத்தகையதே. வேர் அப்பூசணத்தையே செரித்து ஊட்டம் பெறுகிறது என்று நம்பினார். உண்மையில் பூசணம் மணிச்சத்தைக் கொண்டுவந்து வேருக்குத் தருகிறது. வேர் அதற்குச் சர்க்கரை தருகிறது. விளக்கம் தவறானாலும், மண்ணுக்கும் செடிக்கும் இடையே உயிருள்ள பாலம் ஒன்று உண்டு என்று அவர் வற்புறுத்தியது சரியே.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் நடந்து வரும் கோதுமைச் சோதனை மற்றொரு பாடம் தருகிறது. ஏக்கருக்கு 14 டன் தொழு உரம் பெற்ற பாத்திக்கு இணையாகச் செயற்கை உரப் பாத்தியும் நூறாண்டுக்கு மேல் விளைந்தது. ஆகவே செயற்கை உரம் மண்ணைக் கொன்றுவிடும் என்ற கூற்று அங்கே பொய்த்தது. ஆனால் தொழு உரப் பாத்தியின் மண்ணில் கரிமப் பொருள் இரண்டு மடங்குக்கும் மேல். பிற்காலத்து உயர்விளைச்சல் வகைகள் வந்தபோது, இரண்டையும் சேர்த்து இட்ட பாத்தியே முந்தியது. கோவை உட்பட நம் நாட்டில் 1970-களின் தொடக்கம் முதல் பல இடங்களில் நடந்த நீண்டகால உரச் சோதனைகளும் இக்கூட்டு முறையையே ஆதரிக்கின்றன.

ஹோவர்ட் 1947-இல் மறைந்தார். இயற்கை வேளாண்மையின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. 1930-இல் மறைந்த கேப்ரியலின் பெயரையும், நூலில் இணையாசிரியராக நின்ற வாடின் பெயரையும் அறிந்தவர் குறைவு. பெயரே இல்லாத ஆசிரியர்களான பீகார், மாளவ உழவர்களை நினைப்பவர் அதிலும் குறைவு.

மாணவர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் நறுக்கிய வைக்கோலையும், மற்றொன்றில் நன்கு மட்கிய எருவையும் கலந்து, மூன்றாவதை அப்படியே விடுங்கள். மூன்றிலும் கீரை விதையுங்கள். எது முதலில் வெளிறுகிறது, எது தழைக்கிறது என்று வாரந்தோறும் அளந்து எழுதுங்கள். அந்த மூன்றாவது தொட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஹோவர்டின் எருதுகளுக்கு இல்லாமற் போனது அதுதான்.