தண்ணீரில் விட்டால்தான் தெரியும் - மாதிரிப் படகுகளின் கதை

பெண்ணாடத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். கடல் வெகு தூரம். பக்கத்தில் ஓடும் வெள்ளாற்றில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரை விட மணல்தான் அதிகம். ஆனால் ஊர்ச் சாமியின் பெயர் பிரளயகாலேஸ்வரர்! ஊழி வெள்ளம் வந்தபோது நந்தி அதைக் குடித்து ஊரைக் காப்பாற்றியதாகத் தலபுராணம். மழை பிடித்துக்கொண்டால் இந்த ஊர்த் தெருவிலும் காகிதக் கப்பல் விடாத பிள்ளை கிடையாது. அந்தக் கப்பல் கவிழாமல் போனால் வெள்ளாற்றோடு பரங்கிப்பேட்டை போய்க் கடலைத் தொடலாம். கணக்குக்கு மட்டும்.

காகிதக் கப்பல் சின்னப் பிள்ளைகள் சமாசாரம். நிஜக் கப்பலை அளவெடுத்து, அதே விகிதத்தில் சிறிதாகச் செய்து, குளத்தில் ஓட்டுவது பெரியவர்களின் பொழுதுபோக்கு. லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் ஒரு வட்டக் குளம் இருக்கிறது. அங்கே பாய்மர மாதிரிகளை ஓட்டியவர்கள் 1876-இல் 'மாடல் யாட் செயிலிங் அசோசியேஷன்' என்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அந்தக் காலப் படகுக்குக் கயிறும் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. பாயையும் சுக்கானையும் கரையிலேயே சரிசெய்து விட்டுவிட வேண்டும். பிறகு கையில் கோலோடு எதிர்க்கரைக்கு ஓட வேண்டும். படகு ஓட்டுவதை விட மனிதர்கள் ஓடியதுதான் அதிகமாக இருந்திருக்கும்.

ரிமோட் வந்த கதை இன்னும் சுவாரசியம். 1898-இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் சின்னப் படகு ஒன்றை மிதக்கவிட்டு, தொடாமலேயே திருப்பிக் காட்டினார். உலகம் பார்த்த முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒன்று ஒரு மாதிரிப் படகு! இன்றைய ட்ரோனுக்குக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

கப்பலைச் சிறிதாக்கிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் கணக்கு வருகிறது (நம்ம காமர்ஸ் ஆட்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்). ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பல் 163 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு சுமார் 6,700 டன். நூறில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 1.63 மீட்டர். எடை? நூறில் ஒரு பங்கல்ல, பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 6.7 கிலோ. அதற்கு மேல் போனால் மூழ்கும் ஆழம் தவறாகிவிடும். வேகமோ நூறில் ஒன்றும் அல்ல, பத்தில் ஒன்று. கப்பல் 30 நாட் வேகத்தில் போகும்போது எழும் அலையை மாதிரியும் எழுப்ப வேண்டுமானால் அது 3 நாட் வேகத்தில் போக வேண்டும். நாம் சற்று விரைவாக நடக்கும் வேகம்தான்.

இந்த விதியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர். 1867-இல் டார்ட் ஆற்றில் 'ஸ்வான்', 'ரேவன்' என்று இரண்டு மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். 1872-இல் டார்க்கி என்ற ஊரில் தன் வீட்டருகே தொட்டி கட்டி, மெழுகு மாதிரிகளை ஓட்டினார். விசாகப்பட்டினத்தில் நம் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருக்கும் 500 மீட்டர் நீளத் தொட்டியும் அதே வேலைக்குத்தான்.

நம் ஊர்ப் படகுகளுக்கு மாதிரி செய்தவர் யார்? முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு பிரெஞ்சுக்காரர்! எட்மண்ட் பாரிஸ் என்ற கடற்படை அதிகாரி 1830-களில் உலகம் சுற்றியபோது, சோழமண்டலக் கரையின் கட்டுமரம், தோணி, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகு எல்லாவற்றையும் அளவெடுத்து வரைந்தார். ஒரு பயணத்தில் எந்திரத்தில் சிக்கி இடதுகை போயிற்று. ஆனாலும் வரைவதை விடவில்லை. 1871-இல் பாரிஸ் நகரக் கடல் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றதும் அந்த வரைபடங்களை வைத்து மாதிரிகளைச் செய்யச் சொன்னார். படகு இங்கே, மாதிரி அங்கே. அடுத்து, மதராஸ் மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்.

ஹார்னெல் எழுதியவற்றில் அதிராம்பட்டினம் பக்கத்துப் பாய்ப்படகைக் கவனிக்க வேண்டும். படகின் குறுக்கே நீளமான பலகை ஒன்று இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் ஆட்கள் எதிர்ப்பக்கப் பலகையில் போய் உட்காருவார்கள். காற்று கூடினால் இன்னும் ஓர் ஆள், இன்னும் கொஞ்சம் வெளியே. படகின் சமநிலை மரத்தில் இல்லை, மனிதர்களில் இருந்தது.

அதனால்தான் இந்தப் படகின் மாதிரி கண்ணாடிப் பெட்டியில் அழகாக நிற்கும், தண்ணீரில் விட்டால் கவிழ்ந்துவிடும். பத்தில் ஒன்றாகச் சிறிதாக்கினால் பாய் நூறில் ஒன்றாகிறது, எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது, காற்று மட்டும் அதே காற்று! சீமைக்காரர்கள் தங்கள் மாதிரிகளுக்கு அடியில் ஆழமாக ஈயம் கட்டித் தப்பித்தார்கள். தட்டையான அடியுள்ள நம் படகில் அப்படிக் கட்டினால் அது நம் படகாக இருக்காது.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு பூங்காக் குளம் வழியாகப் பரவவில்லை, காக்கி, வெள்ளைச் சீருடை வழியாகப் பரவியது. தேசிய மாணவர் படை 1948-இல் தொடங்கியது. அதன் கடற்படைப் பிரிவு 1952-இல் வந்தது. அந்தப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்வது ஒரு பயிற்சி. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் அது ஒரு போட்டியும்கூட. காட்சிக்கு வைக்கும் மாதிரி தனி, தண்ணீரில் ஓடிக் காட்ட வேண்டிய மாதிரி தனி. வெளிநாட்டுச் சாமான்கள் எளிதில் கிடைக்காத காலத்தில் ஒரு கல்லூரி மாணவன் மோட்டார் வைத்த கப்பலைக் கட்டி ஓட்டிப் பார்க்க இதை விட்டால் வேறு வழி ஏது? குறை ஒன்றுதான். கடற்படைப் பிரிவு என்பதால் பெரும்பாலும் போர்க்கப்பலையே செய்கிறார்கள். தோணிக்கும் வத்தைக்கும் அங்கே இடம் குறைவு.

அதிராம்பட்டினத்துப் பலகைக்கு இன்று வழி இல்லாமல் இல்லை. பொம்மை விமானங்களில் சுக்கானைத் திருப்பும் சின்ன சர்வோ மோட்டார் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பலகையின் மேல் ஆளுக்குப் பதில் ஓர் ஈயக்கட்டி, அதை இப்படியும் அப்படியும் நகர்த்த ஒரு சர்வோ, கரையில் ரிமோட்டோடு ஒருவர். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும் விட்டுப் பார்க்கலாம். முதல் தடவை கவிழத்தான் செய்யும்.