இரட்டை வாயில் கூறும் வரலாறு

மாணவர்களே, வரலாறு ஏடுகளில் மட்டுமன்று, வீட்டு வாயில்களிலும் எழுதப்பட்டுள்ளது. இலண்டன் மாநகரில் லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் சதுக்கத்தின் மேற்கே நிற்கும் லிண்ட்சே மாளிகை இதற்குச் சான்று. 1640 ஆம் ஆண்டையொட்டி எழுந்த இச்செங்கல் மனைக்குப் பின்னாளில் காரை பூசப்பட்டது. தரைத்தளத்தின் மேல், இரு மாடிகளையும் தழுவிச் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் ஆறு உயர்கின்றன. அவற்றிடையே ஐந்து சாளர வரிசைகள்.

1750களின் தொடக்கத்தில் இம்மனை இரு வீடுகளாயிற்று. ஐந்து வரிசைகளை இரண்டாகப் பகுப்பது எங்ஙனம்? முகப்பைப் பிளக்காமல், நடுவிலிருந்த ஒற்றை வாயிலை மட்டும் இரட்டையாக்கினர். உள்ளே சுவர் பிரித்தது. வெளியே தூண்வரிசை பிரியாது நின்றது.

தேவை மாறும்போது பழமையை இடித்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை. அளவறிந்து மாற்றினால் அதுவும் வாழும், நாமும் வாழலாம். பழங்கட்டடத்தைக் காணும்போது முதலில் வாயில்களை எண்ணிப் பாருங்கள்.