வெள்ளிமுடித் திட்டம்: மலேசியாவும் அயல்நாட்டு முதியோரும்

ஓய்வுபெற்ற குடிமக்கள் ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சென்று வாழ வழிசெய்யும் 'சில்வர் கொலம்பியா' என்னும் திட்டத்தை 1986இல் ஜப்பானிய அரசு முன்வைத்தபோது, முதியோரை ஏற்றுமதி செய்யும் முயற்சி என்று அது கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, அத்தகையோரை வரவேற்கும் நாடாக மலேசியா முன்வந்து, ஐம்பது வயது கடந்த அயல்நாட்டவருக்கென 1996இல் 'வெள்ளிமுடித் திட்டத்தை' வகுத்தது. அது 2002இல் வயது வரம்பு தளர்த்தப்பட்டு, 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' எனப் பெயர் மாறியது.

இத்திட்டம் அளித்தது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ அன்று. பலமுறை வந்துபோக இடமளித்து, குறித்த காலத்துக்குப்பின் புதுப்பிக்கத்தக்க நீண்டகால விசா மட்டுமே. தம்பதியரில் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரராகவும், மற்றவர் சார்ந்திருப்பவராகவும் பதிவுபெற்றதால், இருவருக்கும் ஒரே விண்ணப்பம் போதுமானதாயிற்று. ஓய்வூதியத்தையோ, குறித்த காலம் எடுக்கவியலாதபடி வங்கியில் இடப்படும் நிலைவைப்பையோ காட்டி, தம் செலவைத் தாமே தாங்கவல்லவர் என்று அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

2020இல் நிறுத்திவைக்கப்பட்ட இத்திட்டம் மறுஆண்டு திரும்பியபோது, மாத வருமான வரம்பு 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாகவும், வைப்புத்தொகை பத்து லட்சம் ரிங்கிட்டாகவும் உயர்ந்தன. முதுமையில் வருமானத்தைப் பெருக்கும் வழியற்ற ஓய்வூதியரையே முதலில் எண்ணி உருவான ஓர் ஏற்பாடு, அவர்களுள் பெரும்பாலோருக்கு எட்டாததாகியது வருந்தத்தக்கது. 2024இல் வருமான நிபந்தனை நீங்கி, வைப்புத்தொகைக்கேற்ற படிநிலைகள் வந்தன. அவற்றுள் வெள்ளிப் படிநிலைக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு வேண்டும்.