ஹென்றி கிறைம்ஸ் எங்கும் போகவில்லை

போன மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து பழைய கம்பஸ் நண்பன் ஒருவன் எப்படியோ என்ரை நம்பரைத் தேடிப்பிடித்து எடுத்திருந்தான். முதல் கேள்வியே, "டேய், எங்கையடா காணாமப் போனனீ?" நான் எங்கேயும் போகவில்லை. 2006இல் மூன்றாம் வருடத்தோடு புவியியலைப் பாதியில் விட்டுவிட்டு வெளிக்கிட்டு, 2008இலிருந்து பாரிசில் ஒரே குசினியில்தான் நிற்கிறேன். முதலில் கோப்பை கழுவினேன், இப்போது அடுப்படி. அதைச் சொல்ல அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு ஹென்றி கிறைம்ஸ்தான் நினைவுக்கு வந்தார்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது எங்கள் ரெஸ்ரோறன்ற்றில் பாரில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியன். கடை பூட்டிய பிறகு அவன் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் அடுப்புத் தேய்ப்போம். ஒருநாள் அல்பேர்ட் ஐலரின் இசைத்தட்டைப் போட்டான். சட்டிபானை உருளுகிற சத்தம் என்றுதான் நினைத்தேன். தாளத்தையும் மெட்டையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, மேடையில் நின்றபடியே புதிதாய் ஒன்றைக் கட்ட முயல்கிற இசை அது. 'ஃபிறீ ஜாஸ்' என்பார்கள். எங்கள் மனோதர்மத்தில் இராகம் என்ற வேலியாவது இருக்கும், இதில் அதுவும் இல்லை. பத்துத் தரம் கேட்ட பிறகுதான் அடியில் ஒரு பெரிய மரம் அதிர்ந்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. அதுதான் டபிள் பேஸ், ஆளுயரத்தை விடப் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டில் இரண்டு பேர் அதை வாசித்தார்கள். ஒருவர் கிறைம்ஸ்.

1935இல் பில்லடெல்பியாவில் பிறந்தவர். சின்ன வயதில் பழகியது வயலின், பிறகு பேஸ், பிறகு நியூயோர்க்கில் ஜூலியார்ட் இசைக் கல்லூரி. 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் 22 வயதுப் பெடியன் ஒரே வார இறுதியில் ஆறு குழுக்களோடு வாசித்திருக்கிறார். பெனி குட்மன், தெலோனியஸ் மங்க், சொனி றோலின்ஸ், லீ கொனிற்ஸ் என்று, தங்களுக்குள் ஒத்துப்போகாத பாணிக்காரர் எல்லாருக்கும் இவர் தேவைப்பட்டார். 60களில் புதிய இசையின் பக்கம் முழுதாய்ச் சாய்ந்தார். சிசில் ரெய்லரின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டுகளில் இருக்கிறார், தன் பெயரில் 'த கோல்' என்று ஒன்றும் வெளியிட்டார்.

பிறகு பெயர் நின்றுவிடுகிறது. 60களின் கடைசிக்குப் பிறகு எந்தத் தட்டிலும் இல்லை. செத்துப்போனார் என்றே பலர் நம்பினார்கள், அச்சிலும் வந்தது. ஜாஸ் புத்தகங்கள் 'காணாமல் போனார்' என்று எழுதின. எங்கள் மொழியில் அந்தச் சொல்லை இவ்வளவு லேசாகப் பாவிக்க முடியாது. காணாமல் போனோருக்காக எங்கள் அம்மாமார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கிறைம்ஸை யாரும் வானில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. அவருக்கு விலாசம் இருந்தது, வேலை இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பாடகர் ஜோன் ஹென்றிக்ஸ் போன்றவர்களோடு வாசிப்பதற்காக மேற்குக் கரைக்குப் போனார். போகிற வழியில் பேஸைக் காரின் கூரையில் கட்டியிருந்தார்கள், பாலைவன வெயிலில் அது வெடித்துவிட்டது. லொஸ் ஏஞ்சல்சில் திருத்தக் கொடுத்தால் கூலி கையில் இருந்ததை விட அதிகம். திருத்த வந்த இடத்திலேயே சொற்ப காசுக்கு விற்றுவிட்டார். பிறகு கூட்டித் துடைக்கிற வேலை, கட்டட வேலை, கிடைத்த எல்லா வேலையும். நகரின் மத்தியில் மலிவான ஹோட்டல் ஒன்றில் ஒற்றை அறை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு இசைக்கருவியும் இல்லை. அந்த அறையில் கவிதை எழுதிக் கொப்பிகளை நிரப்பினார்.

இதை வாசித்தபோது எனக்கு வந்தது கோபம். ஒரு பழுதுபார்க்கிற கூலி. அவ்வளவுதான் அந்த மௌனத்தின் விலை. ஆனால் எழுதுகிறவர்கள் 'மர்மம்' என்கிறார்கள். கையில் தும்புத்தடி இருக்கிற ஆளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது மர்மமா என்ன?

2002இல் ஜோர்ஜியா மாநிலத்தில் இருந்த மார்ஷல் மாரொட் என்ற சமூகப் பணியாளர், ஜாஸ் பைத்தியம், பதிவேடுகளைக் கிண்டித் தேடி அந்த ஹோட்டலில் அவரைக் கண்டுபிடித்தார். கூட வாசித்த ஐலர் 1970இலேயே இறந்துவிட்டார் என்பது அதுவரை கிறைம்ஸுக்குத் தெரியாது. இறுவட்டு என்ற சாமானையே அவர் கண்டதில்லை. அவர் வாசித்த தட்டுகளோ 90களிலேயே இறுவட்டாக வந்து கடைகளில் கிடந்தன.

சேதி பரவ, நியூயோர்க்கின் பேஸ் கலைஞர் வில்லியம் பார்க்கர் தன்னுடைய பேஸ்களில் ஒன்றை அனுப்பிவைத்தார். பச்சை நிறம் பூசியது, அதற்கு 'ஒலிவ் ஒயில்' என்று பெயர். அனுப்பியது கொம்பனி இல்லை, அதே தொழில் செய்கிற இன்னொரு ஆள். அது 2002 டிசம்பரில் வந்து சேர்ந்தது. 67 வயது, தழும்பு கரைந்த விரல்கள். பேஸ் கம்பி என்பது கிற்றார் கம்பி மாதிரி இல்லை, தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறைக்குள் இருந்து சாதகம் பண்ணினார். சில மாதத்தில் லொஸ் ஏஞ்சல்சில் சின்ன அரங்குகளில் ஏறினார். 2003 மே மாதம் நியூயோர்க்கில் விஷன் ஃபெஸ்டிவல் மேடை. புதிய இசைக்காரர் தாங்களே கட்டி நடத்துகிற விழா அது.

சனம் பழைய பெயரைப் பார்க்கத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். செத்தவர் எழும்பி வந்தால் யார்தான் வரமாட்டார்கள்? ஆனால் அது ஒரு நாள் கூத்து, இரண்டாம் நாள் வாசிப்புத்தான் நிற்கும். இவர் பதினைந்து வருடம் அளவில் நின்றார். நியூயோர்க்கிலேயே குடியேறி, நூற்றுக்கணக்கான கச்சேரிகள், ஐரோப்பாவிலும் கன மேடைகள். 1966ஐ அப்படியே திருப்பிப் பாடுகிற வேலை இல்லை. பேஸும் வயலினும் மாறிமாறி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தனியே வாசித்த இறுவட்டு ஒன்று இருக்கிறது, கேட்டுப்பாருங்கள். லேசான சாமான் இல்லை, நானே மூன்று முறையாகப் பிரித்துத்தான் கேட்டேன். எழுபது வயதளவில் லிங்கன் சென்ரரில் சிசில் ரெய்லர் பக்கத்தில் வயலினோடு நின்றிருக்கிறார், சின்ன வயதில் வைத்துவிட்டு வந்த அதே வாத்தியம். கொப்பிகளில் இருந்தவற்றில் ஒரு பகுதி 2007இல் புத்தகமாக ஜேர்மனியில் வந்தது. 2016இல் விஷன் ஃபெஸ்டிவல் வாழ்நாள் சாதனைக்காகக் கௌரவித்தது. பிறகு பார்க்கின்சன் வந்து கையைக் கட்டிப்போட்டது.

2020 ஏப்ரலில் எங்கள் கடை பூட்டிக் கிடந்தது. அறையில் நாலு பேர், வேலை இல்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 15ஆம் திகதி நியூயோர்க்கில் கொரோனாவால் கிறைம்ஸ் இறந்தார், 84 வயது. அதே நாள், அதே நகரம், அதே நோய், லீ கொனிற்சும் போனார். நியூபோர்ட்டில் சேர்ந்து வாசித்து 62 வருடம்.

அன்றிரவு அந்த 1958 விழாவின் படத்தைத் தேடி எடுத்தேன். மங்க் வாசிக்கிற இடத்தில் கமெரா கொஞ்ச நேரத்தில் கடலில் ஓடுகிற படகுகளைக் காட்டப் போய்விடுகிறது. பேஸ்காரப் பெடியனைப் பார்க்கவேண்டுமென்றால் கவனமாக இருக்கவேண்டும். நான் இரண்டு தரம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அண்ணை எழும்பி, "உதென்னடாப்பா சத்தம், குறைச்சு வை" என்றார்.