கதவடையா நூல்நிலையம்: ஒக்ஸ்போட் பொட்லியனின் இடப்பெயர்ச்சி

நூல்நிலையம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு கட்டடமே. கற்சுவரும், உயர்ந்த சாளரமும், வரிசையாக அமைந்த அலுமாரிகளும் கூடியதொன்றையே நாம் நூல்நிலையமெனக் கொள்கின்றோம். ஆயின் அக்கட்டடம் பழுதுற்று, அதனைப் பிரித்துக் கட்டவேண்டிய காலம் வரும்போது நூல்நிலையம் எங்கே இருக்கின்றது? வாசகன் தன் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டுமா? இவ்வினாவிற்கு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூல்நிலைய வரலாறு தரும் விடை கற்போரனைவரும் அறிந்துகொள்ளத்தக்கதாகும்.

அந்நூல்நிலையத்தின் தொடக்கம் ஒரு பேரிழப்பின்மேல் எழுந்தது. குளொஸ்ரர்க் கோமகனான ஹம்பிரி என்பான் பதினைந்தாம் நூற்றாண்டிலே பல்கலைக்கழகத்திற்கு வழங்கிய கையெழுத்துச் சுவடிகள் 281இற்கும் மேற்பட்டவை. அவற்றை வைப்பதற்கென இறையியற் கல்லூரி மண்டபத்தின்மேல் ஓர் அறை எழுப்பப்பட்டு, 1488இல் திறக்கப்பட்டது. சமயச் சீர்திருத்தத்தின் வேகத்திலே, 1550ஆம் ஆண்டளவில், அரசனின் ஆணையாளர் அச்சுவடிகளை அகற்றினர். 1556இல் வாசிப்பு மேசைகளும் விற்கப்பட்டன. கட்டடம் நின்றது, கூரையும் சுவரும் குறைவின்றி இருந்தன, நூல்நிலையம் மட்டும் இல்லாதொழிந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற்குப் பொது நூல்நிலையமொன்று இருக்கவில்லை.

அரச தூதராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தோமஸ் பொட்லி என்பார் 1598இல் இக்குறையைத் தம் பொருள்கொண்டு நீக்க முன்வந்தார். 1602ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஏறத்தாழ 2,000 நூல்களுடன் அவ்வறை மீண்டுந் திறக்கப்பட்டது. 1610இல் அவர் இலண்டன் நூல் வணிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அங்குப் பதிவாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நூல்நிலையத்தை வந்தடைதல் வேண்டும். பெருஞ்செல்வத்தின் வாயிலும் பெருந்தொல்லையின் வாயிலும் இவ்வுடன்படிக்கையே. ஏனெனில் நூல்கள் வந்துகொண்டேயிருக்கும், இடமோ வளராது.

பொட்லியனின் விதிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, எந்நூலும் எவருக்கும் இரவல் கொடுக்கப்படலாகாது என்பது. 1645இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் ஒரு நூலைக் கேட்டனுப்பியபோதும், 1654இல் நாட்டையே தன் கையகப்படுத்தியிருந்த கிரோம்வெல் கேட்டனுப்பியபோதும் இவ்விதி தளர்த்தப்படவில்லை. மற்றொன்று, நூல்நிலையத்தினுள் தீயையோ சுடரையோ கொண்டுவருதலாகாது என்பது. வாசகர் ஒவ்வொருவரும் இதற்கு உறுதிமொழி கூறுதல் வேண்டும். இதன் பயனாக 1845 வரை அங்கு வெப்பமூட்டும் வசதியும், 1929 வரை செயற்கை விளக்கொளியும் இருக்கவில்லை. மாரிக்காலத்திற் பகற்பொழுது சுருங்கும் அந்நாட்டிலே, குளிரையும் இருளையுந் தாங்கிக் கற்றலைக் காட்டிலும் நூல் தீக்கிரையாதல் கொடிதென அவர்கள் எண்ணினர்.

இடநெருக்கடி தலைமுறைதோறும் வெவ்வேறு வகையாகத் தீர்க்கப்பட்டது. 1860இல் அயலிலுள்ள வட்ட வடிவான றட்கிளிவ் மண்டபம் வாசிப்பறையாயிற்று. 1909 தொடக்கம் 1912 வரையில் அம்மண்டபத்தின் அருகே நிலத்தின்கீழ் நூற்களஞ்சியம் ஒன்று அகழப்பட்டது. அதுவும் போதாதாகவே, 1937இற்கும் 1940இற்கும் இடையிற் சேர் ஜைல்ஸ் கில்பேட் ஸ்கொட் என்னுங் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, வீதியின் எதிர்ப்புறத்திலே புதிய பொட்லியன் எழுந்தது. அதன் செலவில் ஐந்தில் மூன்று பங்கை அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியம் ஏற்றது. அக்கட்டடத்தின் நடுவே பதினொரு தட்டுக்களைக் கொண்ட நூலடுக்கு இருந்தது. அவற்றுள் மூன்று நிலத்தின் கீழுள்ளவை. பழைய கட்டடத்தையும் புதியதையும் வீதியின் கீழாக ஒரு சுரங்கவழி இணைத்தது. அதனூடே இயந்திரப்பட்டி ஒன்று நூல்களைச் சுமந்து சென்றது. 1946இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் கட்டடத்தை முறைப்படி திறந்துவைக்க வந்தபோது திறவுகோல் பூட்டினுள்ளே முறிந்துபோனமை இன்றும் நகையுடன் நினைவுகூரப்படும் நிகழ்ச்சியாகும்.

அந்நாளிற் போதியதாகத் தோன்றிய அவ்வடுக்கு, இருபதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே நிரம்பியது. மேலதிக நூல்களுட் சில செஷயர் மாகாணத்து உப்புச் சுரங்கத்திலும் வைக்கப்படலாயின. இதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. தட்டுக்கள் ஒன்றுடனொன்று திறந்த நிலையில் இணைந்திருந்தமையால், ஒரு தட்டிற் பற்றும் தீ மேற்றட்டுக்களுக்கு விரைந்து பரவக்கூடும். காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையுங் கட்டுப்படுத்தவும் இயலாதிருந்தது. தீயை உள்ளே கொண்டுவரமாட்டோம் என வாசகர் கூறும் உறுதிமொழி நான்கு நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டு வர, கட்டடமே தீக்கு வழிகாட்டக்கூடியதாய் அமைந்திருந்தமை வியப்பன்றோ! ஆகவே கட்டடத்தின் உட்பகுதியை முற்றாகப் பிரித்து மீள அமைத்தலைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

நூல்களை எங்கு வைப்பது என்பதே முதல் வினா. ஒக்ஸ்போட் நகரின் ஓசினி மீட் பகுதியிற் களஞ்சியம் அமைக்கும் திட்டம், வெள்ள அபாயம், நகரின் கோபுரக் காட்சிக்கு ஊறு என்னும் ஆட்சேபங்களிடையே 2008இல் இறுதியாகக் கைவிடப்பட்டது. அதன்பின் 28 மைல் தொலைவிலுள்ள சுவிண்டன் நகரின் அயலில், 2 கோடி 60 இலட்சம் பவுண் செலவில் ஒரு களஞ்சியம் எழுந்து, 2010 ஒக்டோபரிற் செயற்படலாயிற்று. அதன் நூற்றட்டுக்களை நீட்டி வைத்தால் 153 மைல் ஆகும். ஏறக்குறைய 70 இலட்சம் நூல்களும் தேசப்படங்களும் பிறவும், 2011இன் முடிவிற்குள் அங்கும் பிற இடங்களுக்குங் கொண்டுசெல்லப்பட்டன.

இடம்பெயர்த்தலிற் பெருவேலை சுமத்தலன்று, கணக்கு வைத்தலே. ஒரு தட்டிலிருந்து தவறிய நூல் திருடப்பட்ட நூலுக்கு ஒப்பாகும். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் இயந்திரம் வாசிக்கத்தக்க கோட்டுக்குறி இடப்பட்டு, அதன் புதிய இருப்பிடம் பதியப்பட்டது. களஞ்சியத்தில் நூல்கள் பொருள்வகையால் அடுக்கப்படாது அளவினால் அடுக்கப்பட்டன. இலக்கண நூலும் தாவரவியல் நூலும் ஒரே பெட்டியில் அருகருகே இருக்கும். மனிதக் கண்ணுக்கு இது குழப்பம். இடச்சிக்கனத்திற்கோ இதுவே ஒழுங்கு. பதிவு பிழையாதிருக்கும் வரையில் நூலும் பிழையாது கிடைக்கும்.

இவை யாவும் நடைபெறுகையில் வாசகர் கைவிடப்படவில்லை. சுவிண்டனிலிருந்து ஒக்ஸ்போட்டுக்கு நாளொன்றுக்கு இருமுறை ஊர்தி வந்தது. காலையிற் கேட்ட நூலை அன்றே பெறவும் வாய்ப்பிருந்தது. அரிய சுவடிகளைப் பயில்வோருக்காக றட்கிளிவ் விஞ்ஞான நூல்நிலையத்தின் கீழ்த்தளத்தில் தற்காலிக வாசிப்பறை ஒழுங்குசெய்யப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அகழப்பட்ட நிலக்கீழ்க் களஞ்சியமோ, 2011இல் வாசகர் தாமே புகுந்து நூலெடுக்கக்கூடிய இடமாக மாற்றப்பட்டது. நகரும் நூலடுக்குக்களைப்பற்றி ஆராய்ந்த முன்னாட் பிரதமர் கிளாட்ஸ்ரனின் பெயரை அது பெற்றது. ஒரு வாயில் அடைபடுமுன் மற்றொரு வாயில் திறக்கப்பட்டமையே இத்திட்டத்தின் நுட்பமாகும்.

இதனாற் குறையேதும் விளையவில்லையெனக் கூறுதல் நேர்மையாகாது. முன்னர் வீதியின் கீழாக வந்த நூல் பின்னர் 28 மைல் கடந்து வரவேண்டியதாயிற்று. ஒரு நூலின் அடிக்குறிப்பைக் கண்டு மற்றொரு நூலை உடனே நாடும் ஆராய்ச்சியாளனுக்கு அரைநாள் தாமதமும் சிந்தனைத் தொடரை அறுப்பதாகும். மன்னனுக்கும் வழங்காத நூல்களை நெடுஞ்சாலையில் ஊர்தியேற்றி அனுப்புதல் தகுமோ எனவும் கேட்கலாம். ஆயின் பொட்லியின் விதியின் உட்கருத்தை நோக்குதல் வேண்டும். நூல் ஒருவனது உடைமைபோல் அவன் இல்லத்திற் கிடவாது, வரும் வாசகர் யாவர்க்கும் கிடைத்தல் வேண்டுமென்பதே அவ்விதியின் நோக்கம். ஊர்தியில் வந்த நூலும் வாசிப்பறைக்கே வந்தது. விதியின் எழுத்து சற்று நெகிழ்ந்தது. அதன் உயிர் நிலைத்தது.

8 கோடி பவுண் செலவிற் புதுக்கப்பட்ட கட்டடம், வெஸ்ரன் நூல்நிலையம் என்னும் பெயருடன் 2015 மார்ச்சிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முன்னர் மூடிய சுவராய் நின்ற வீதிப்புறம் இப்போது யாவரும் நுழையத்தக்க மண்டபமாயிற்று. 

1556ஆம் ஆண்டையும் 2011ஆம் ஆண்டையும் அருகருகே வைத்து நோக்குவோமாக. முன்னையதிற் கட்டடம் நிலைத்திருக்க நூல்நிலையம் மறைந்தது. பின்னையதில் கட்டடம் உள்ளீடின்றி வெறுங்கூடாய் நிற்க நூல்நிலையம் வாழ்ந்தது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு பொருட்செல்வம் மாத்திரமன்று. முன்னையோர் சுவடிகளை வேண்டாப் பொருளெனக் கருதினர். பின்னையோர் நாளை காலையில் ஒரு மாணவன் வந்து ஒரு நூலைக் கேட்பான் என்பதை மறவாதிருந்தனர். அம்மாணவனை மறவாதோர் உள்ளவரையில் நூல்நிலையம் கூரையின்றியும் வாழும். அவனை மறந்த இடத்தில் பொற்கூரையும் அதனைக் காவாது.