கேலிக் மொழியின் முறையெண்களும் அயர்லாந்தின் வரலாறும்

அயர்லாந்தின் கேலிக் மொழியில், முறைமை காட்டும் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் எண்ணோடு விகுதி சேர்ந்து பிறப்பவை. முதலிரண்டும் அவ்வாறல்ல. ஒன்றைக் குறிக்க ‘ஏன்’ என்னும் சொல் இருக்கவும், முதலாவதைக் குறிக்கும் ‘கேட்’ அதனின்றும் பிறவாது தனித்து நிற்கின்றது. பதினோராவது போன்ற இடங்களில் ‘ஏன்’ மீண்டு வந்து விகுதி ஏற்கும். தமிழிலும் முதலாவது என்போர் பின்னர்ப் பதினோராவது என்றே கூறுதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. புதன்கிழமைக்கு ஆங்கு வழங்கும் பெயர் ‘முதல் நோன்பு’ எனப் பொருள்படும். வெள்ளிக்கிழமையோ வெறும் ‘நோன்பு’. பண்டைக் கிறித்தவர் வாரத்தில் இருநாள் நோன்பிருந்த வழக்கம் இப்பெயர்களில் எஞ்சியுள்ளது.

ஐந்தாவது என்பதன் வரலாறு இதனினும் சிக்கலானது. பழைய ஐரிய மொழியில் ‘கோய்கெத்’ என்பது ஐந்தாவது எனவும் ஐந்திலொரு பங்கு எனவும் பொருள் தந்தது. மாகாணத்துக்கும் அதுவே பெயர். இன்று அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கொனாக்ட் என மாகாணங்கள் நான்கே. ஆயினும் ஒவ்வொன்றும் அச்சொல்லின் வழிவந்த ‘கூகெ’ என்னும் பெயரையே தாங்குகின்றது. நான்கு பங்குகள், ஒவ்வொன்றும் ஐந்திலொன்று! மறைந்த ஐந்தாம் பங்கு யாது? பின்னாளில் லென்ஸ்டருள் அடங்கிய மீத் என்பர் ஒருசாரார். மன்ஸ்டரே முன்னர் இரண்டாயிருந்தது என்பர் மற்றொருசாரார். கி. பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளிலோ பேரரசுரிமை கொண்ட குலங்கள் ஐந்தின் மேற்பட்டிருந்தன. ஆதலின், ஐந்து அரசுகள் ஒருகாலத்து ஒருங்கே ஆண்டன என்பதற்கு இச்சொல் ஒன்றையே சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. நாட்டை ஐந்தாக எண்ணிப் பார்த்த மரபு இருந்தது என்பதற்கே அது சான்றாகும்.

இரண்டாவதைக் குறித்த பழஞ்சொல் ‘தானிஷெ’. எண்ணும் வழக்கில் அதன் இடத்தைப் பின்னர் ‘தரெ’ பற்றிக்கொண்டது. பழஞ்சொல்லோ அழிந்துபடாது, ‘தானிஷ்டே’ என்னும் உருவில் அரசனுக்கு அடுத்தவனைக் குறிக்கலாயிற்று. அரசன் உயிரோடிருக்கும்போதே அவன் குலத்தாருள் தக்கான் ஒருவனைப் பின்னுரிமைக்குத் தெரிந்துகொள்ளுதல் கேலிக் குலங்களின் மரபு. மூத்த மகனுக்கே உரிமை என்பது அவர்க்கு உடன்பாடன்று. தம்பியோ சிறிய தந்தையின் மகனோ தெரிவுசெய்யப்படுதலும் உண்டு. இம்முறை ஆங்கிலச் சட்டத்துக்கு முரணாயிற்று. நிலவுரிமை யாரைச் சேரும் என்பதே வழக்காக, 1608இல் ஆங்கில ஆட்சியின் நீதிபதிகள் அம்மரபு செல்லாதெனத் தீர்ப்பளித்தனர். கேலிக் குலத்தலைவரின் நிலங்கள் ஆங்கில உரிமை முறைக்குள் அடங்குதற்கு அத்தீர்ப்பு வழி வகுத்தது.

ஏறத்தாழ 330 ஆண்டுகள் கழிந்தன. 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பு துணைப் பிரதமர்க்குத் ‘தானிஷ்டே’ என்னும் அப்பெயரையே இட்டது. அப்பதவியை முதலில் ஏற்றவர் ஷோன் ஓ கெலி.